ஹில்டாவின் எட்டு மணி நேரக் கறி

நன்றி சொல்வதென்றால் வரிசைப்படி சொல்ல வேண்டும். முதல் நன்றி பனிமய மாதாவுக்கு. இரண்டாவது, மரியானின் தாடையைப் பெயர்த்த அந்த இரும்புக் கொக்கிக்கு. அது இன்னும் நாலு விரற்கடை மேலே வந்திருந்தால் இந்தக் கதையில் கறி இருந்திருக்காது, கல்லறைதான் இருந்திருக்கும். மூன்றாவது நன்றி மரியானின் மனைவி ஹில்டாவுக்கு. அதைச் சொல்ல வேண்டுமென்று அந்த வருஷம், அதாவது எழுபத்தாறில், யாருக்கும் முதலில் தோன்றவில்லை.

ஹில்டா மணப்பாட்டுக்காரி. கலியாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த நாளிலிருந்து பிறர் வயிற்றைக் கவனிப்பதே அவள் தொழில். கடற்கரைச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். அதில் ஒன்பது குமாஸ்தாக்களுக்கு மதியச் சாப்பாடு. ஒருவருக்குக் காரம் ஆகாது, ஒருவருக்குப் புளி ஆகாது, ஒருவருக்கு எதுவுமே ஆகாது, ஆனால் இரண்டாம் முறை சோறு கேட்பார். ஒன்பது பேரையும் ஒரே குழம்பில் சமாதானப்படுத்தியவளுக்கு மாசி மாசம் பத்தாவது ஆள் வந்து சேர்ந்தான். அவள் புருஷன்தான்.

மரியான் கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவன். கீழே சரக்கறை வாயில் நிற்கும் ஆள் "ஆரியா!" என்று கத்தினால் சரக்கை இறக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை, அதைப் பதினெட்டு வருஷம் பிசகாமல் செய்தான். அன்றைக்கு வெங்காய மூட்டை இறங்கிய பிறகு வெறுங்கொக்கி காற்றில் ஆடி வந்தது. மரியான் யாரோ சொன்ன நகைச்சுவைக்கு வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. ஆறு வாரம் மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் கம்பி போட்டுக் கட்டிவைத்தார்கள். கஞ்சி, மீன் சாறு, முட்டைப் பால் எல்லாவற்றையும் ஹில்டா துணியில் வடிகட்டி, உறிஞ்சக் கொடுத்தாள். மரியானின் பெல்ட்டுக்குப் புதிதாக மூன்று ஓட்டை போட வேண்டியதாயிற்று. கம்பியை எடுத்த டாக்டர், "ரெண்டு மாசம் எதையும் மெல்லக்கூடாது" என்றார். வாய் இரண்டு விரல் அகலம் திறந்தது. அது பேசப் போதும், சாப்பிடத்தான் போதாது.

சிக்கல் என்னவென்றால், மரியானின் கும்பலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கப்பலில் சேர்ந்து வேலை பார்க்கும் எட்டுப் பேர் கொண்ட கும்பல், மேஸ்திரி ஜேசுதாசன். யாராவது சாவிலிருந்து தப்பி வந்தால் அவன் வீட்டில் நன்றி அசனம், அதாவது கும்பல் முழுக்கச் சேர்ந்துண்ணும் விருந்து. தப்பியவன் எல்லோர் முன்னிலும் முதல் வாய்க் கறியைத் தின்று விழுங்க வேண்டும். விழுங்கினால் ஆள் தேறிவிட்டான், மறுநாள் ஷிப்டில் அவன் பெயர். விழுங்காவிட்டால் அவன் இடத்தில் போட்ட பதிலாளே தொடர்வான். வின்ச் ஓட்டுவது கையா, பல்லா என்று கேட்பீர்கள். கேட்கலாம். டாக்டர் சீட்டை ஜேசுதாசன் நம்புவதில்லை. கறியைத்தான் நம்புவார்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அசனம் என்று முடிவாயிற்று. அதற்குப் பத்து நாள் முன்பு வந்து சேர்ந்தது ஹில்டாவின் தம்பி வில்பிரட் அனுப்பிய பெட்டி. அவன் அந்நியக் கப்பலில் சாப்பாடு பரிமாறும் ஸ்டூவர்ட். அமெரிக்காவில் ஏதோ துறைமுகத்தில் வாங்கிய கரண்டுப் பானை. வெளியே தகரம், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி. கூடவே கடிதம்: "அக்கா, காலைல கறியப் போட்டு மூடிட்டு மறந்துரு. எட்டு மணி நேரம் மூடியத் திறக்காத. அங்கன பண்ணிக்கறியத்தான் இதுல வச்சு, ரெண்டு முள்கரண்டியால பஞ்சு மாதிரி பிச்சு, பன்னுக்குள்ள வச்சுத் திங்கான். பல்லே வேண்டாம்."

கடைசி இரண்டு வார்த்தையை ஹில்டா மூன்று முறை வாசித்தாள்.

கரண்டு விஷயத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிளாட்வின். கப்பல்களில் விளக்கு பழுது பார்க்கிறவன், ஆகவே தெருவில் மின்சாரத்துக்கு அவன்தான் போப்பாண்டவர். பானையின் தட்டைப் பிளக்கை வெட்டிவிட்டு நம்மூர் மூன்று முனைப் பிளக்கை மாட்டினான். அதோடு விட்டானா? சனிக்கிழமை வேலைக்குப் போகும்போது பானையைக் கையோடு கப்பலுக்கே கொண்டுபோய், அங்கே செருகி, ஐந்து மணி நேரம் தண்ணீர் சுட வைத்துப் பார்த்தான்.

"மைனி, தங்கம்லா! பூ மாதிரி சுடுது. கண்ண மூடிட்டு வைங்க" என்றான் திரும்பி வந்து.

ஞாயிறு காலை ஏழு மணி. மூன்று கிலோ பன்றி முன்னங்கால் சப்பையை எலும்போடு வாங்கி, உப்பு, மிளகாய் வற்றல், மிளகு, பூண்டு அரைத்துப் பூசி, அடியில் வெங்காயம் பரப்பி வைத்தாள் ஹில்டா. பானையோடு வந்த குறிப்பில் அமெரிக்கக்காரன் சர்க்கரை போடச் சொன்ன இடத்தில் உடன்குடிக் கருப்பட்டியும், வினிகர் போடச் சொன்ன இடத்தில் கள்ளுக்காடியும் போட்டாள். கிளாட்வின் சுவிட்சைத் தட்டினான்.

பானை "ம்ம்ம்" என்றது. பிறகு ஒரு நீலப் பொறி. கருகிய ரப்பர் நாற்றம். வீட்டிலும் பக்கத்து இரண்டு வீட்டிலும் பியூஸ் போயிற்று. எட்டு மணி நேரம் நிதானமாக வேலை பார்க்க வேண்டிய பானை மூன்றே நிமிடத்தில் எல்லா வேலையையும் முடித்துக்கொண்டது.

கிளாட்வின் சோதித்துப் பார்த்த கப்பலில் ஓடுவது நூற்றுப்பத்து வோல்ட். அமெரிக்கப் பானை கேட்பதும் நூற்றுப்பத்து. ஹில்டா வீட்டுச் சுவரில் வருவது இருநூற்று முப்பது. நிலத்தில் வாழும் எந்த எலக்ட்ரீசியனுக்கும் வராத தப்பு இது. பத்து வருஷமாகக் கப்பலையே வீடாக நினைத்தவனுக்குத்தான் வரும்.

"மைனி..." என்றான் கிளாட்வின், முகம் பியூஸ் கம்பி போல் வெளுத்து.

நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்த மரியான் எழுந்து வந்து பானையைப் பார்த்தான். வாயை அதிகம் திறக்காமல் பேசினான். அவனால் அப்படித்தான் முடியும்.

"விடுளா. இன்னும் ரெண்டு மாசம் பதிலாளே ஓட்டட்டும். நான் கஞ்சி குடிக்கேன்."

அதுவரை ஹில்டா அழவில்லை. அப்போதும் அழவில்லை. கோபம் வந்தது. "ஆறு வாரமா வடிகட்டினது நீங்க கட்டில்ல உக்காரதுக்கா? ஏலே கிளாட்வின், நிக்காத. ஓடிப்போய் மரத்தூள் அள்ளிட்டு வா!"

அவள் வீட்டில் தூள் அடுப்பு இருந்தது. பெயிண்ட் டப்பாதான். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றி மரத்தூளைக் குத்திக் குத்தி இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டு, அடித்துவாரத்தில் நெருப்பு வைத்தால் சுவாலையே இல்லாமல் ஏழெட்டு மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். ஒன்பது குமாஸ்தாக்களின் பருப்பு வருஷக்கணக்காக அதில்தான் வெந்தது. வீட்டுக்குள்ளேயே அப்படி ஒரு பானை இருக்க, கப்பலேறி வந்த பானைக்குப் பத்து நாள் காத்திருந்தோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்க நேரமில்லை. பீங்கான் நேரடிச் சூட்டில் வெடித்துவிடும் என்று, ஒரு இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி அதற்குள் பானையைப் புதைத்தாள். மூடியின் விளிம்பை மைதா மாவு பிசைந்து அடைத்தாள்.

கிளாட்வின் தோணி கட்டும் இடத்திலிருந்து ஒரு சாக்குத் தூளோடு வந்தான். எட்டு மணிக்குக் கனல் பிடித்தது. எட்டே காலுக்குத் தெருவே மூக்கைப் பிடித்தது. தோணிப் பலகைக்கு மீனெண்ணெய் பூசுவார்கள் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அவன் அள்ளி வந்தது பிரித்துப்போட்ட பழைய தோணியை அறுத்த தூள். இருபது வருஷச் சுறா எண்ணெய் அதில் ஊறியிருந்தது.

எதிர்வீட்டு ஆக்னஸ் வாசலுக்கு வந்தாள். "ஏளா ஹில்டா, பண்ணின்னு சொன்னியே, சுறாவையா சுடுதே?"

"உள்ள போறது பண்ணி, வெளிய வாறது சுறா. நீ போய் உன் முள்கரண்டி ஒண்ணு எடுத்துட்டு வா. எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

வேறு தூளுக்கு நேரமில்லை. மாவு அடைப்பைத் திறந்தால் புகை உள்ளே போகும். ஆகவே கறி வெந்ததா, சுறா நாறுகிறதா என்று பார்க்க வழியே இல்லை. கண்ணாடி மூடியில் ஆவி மட்டும் தெரிந்தது. ஹில்டா ஜெபமாலையை எடுத்தாள். மாலையை ஒரு சுற்று உருட்டி முடிக்கும்போதெல்லாம் மாவு விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கும்பல் வந்தது. இலை போட்டாயிற்று. ஜேசுதாசன் நடுவில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா, அசனமா, தோணிக்கு எண்ணெய் போடுதீயளா?"

ஹில்டா பானையை எல்லோர் முன்னும் கொண்டுவந்து வைத்து, கத்தியால் மாவை உடைத்தாள். மூடி எழும்பியது. கருப்பட்டியும் காடியும் பூண்டும் கொழுப்பும் சேர்ந்து வந்த வாசனையில் சுறா வாசல் வழியாக வெளியே போயிற்று. எலும்பைப் பிடித்துத் தூக்கினாள். கறியை அங்கேயே விட்டுவிட்டு எலும்பு மட்டும் சுத்தமாக வந்தது. இரண்டு முள்கரண்டியால் தொட்டாள். கறி இழை இழையாகப் பிரிந்தது.

"இது என்ன, தும்பா?" என்றார் ஜேசுதாசன். "கயிறு திரிக்கவா கூப்ட்டிய?"

மரியான் இலையில் ஹில்டா ஒரு பிடி வைத்தாள். மரியான் அதை இரண்டு விரல் அகல வாய்க்குள் மெல்லத் தள்ளினான். யாரும் அசையவில்லை. அவன் தாடையும் அசையவில்லை. நாக்கால் மேலண்ணத்தில் ஒரு அழுத்து.

பின்னாலிருந்து எவனோ ரகசியக் குரலில் சொன்னான்: "ஆரியா..."

தொண்டை ஏறி இறங்கியது. மரியானின் கண்ணில் நீர் நின்றது. காரத்தால் என்று பிறகு சொன்னான்.

"செல்லாது!" என்றான் பதிலாள். "அவரு மெல்லவே இல்ல. கறின்னா கடிக்கணும்லா மேஸ்திரி?"

எல்லோரும் ஜேசுதாசனைப் பார்த்தார்கள். அவர் பானையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு விள்ளல் எடுத்தார். மூன்றாவதாக ஒரு பிடியே அள்ளினார்.

"ஏலே," என்றார் பதிலாளிடம், "முழுங்கணும்ங்கதுதான் வழக்கம். மெல்லணும்னு எந்தப் பயல் சொன்னான்? நாளைக் காலைல வின்ச்சுல மரியான்."

ஒரே கூச்சல். மரியான் திரும்பி, "ஏளா, நீயும் ஒரு இலை போட்டு உக்காரு" என்றான். அத்தனை ஆண்களுக்கு நடுவில், பந்தி முடியும் முன்பே, ஹில்டா உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். கிளாட்வின் பரிமாறினான். தண்டனைக்குத் தண்டனை, மரியாதைக்கு மரியாதை.

திங்கள் காலை மரியான் பன்னுக்குள் மீதிக் கறியை வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். மத்தியானம், குமாஸ்தாக்களை முடித்துவிட்டு ஹில்டா வீடு திரும்பும்போது, வாசலில் ஜேசுதாசனின் மனைவி கிரேசி நின்றிருந்தாள். ஒரு கையில் வாழையிலையில் சுற்றிய சப்பை. காலடியில் ஒரு சாக்கு மரத்தூள்.

"அவரு குடுத்துவிட்டாரு. உனக்கு நன்றி சொல்லச் சொன்னாரு" என்றாள் கிரேசி. பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லிராத. அவருக்கு மேல ரெண்டு பல்லு, கீழ ஒரு பல்லு, அம்புட்டுதான் இருக்கு. நாலு வருஷமா எல்லா அசனத்துலயும் கறிய முழுசா முழுங்கிட்டு வந்து ராத்திரியெல்லாம் நெஞ்சப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பாரு. நேத்துதான் நிம்மதியாத் தூங்கினாரு."

ஹில்டா சாக்கைப் பார்த்தாள்.

"பயப்படாத," என்றாள் கிரேசி. "மோந்து பாத்துட்டுத்தான் அள்ளினாராம்."

ஹில்டா பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்து, நடுவில் பாட்டிலை நிறுத்தி, தூளைக் குத்த ஆரம்பித்தாள்.