பிள்ளைகள் எத்தனை?

இரண்டு மாதமாக நிற்காத உதிரப்போக்கோடு ஆக்லாந்து மருத்துவமனைக்கு வந்திருந்த சியெனி, படிவத்தில் ‘பிள்ளைகள் எத்தனை’ என்ற இடத்தில் யோசிக்காமல் மூன்று என்று எழுதினாள். தங்கை பெற்று அவள் மடியில் போட்ட மூன்று பேர். பெற்றதையும் வளர்த்ததையும் பிரித்துப் பார்க்காத சமோவாக்காரி வேறெப்படி எழுதுவாள்?

நர்ஸ் மெலே விவரங்களைக் கணினியில் ஏற்றினாள். கருப்பைப் புற்றுநோய் ஆபத்து குறைவு, சோதனைக்கு நான்கு மாதம் காத்திருக்கலாம் என்றது கணிப்பு. சியெனியோடு ஒரே தேவாலயத்தில் பாடுகிற மெலேவுக்குச் சந்தேகம் தட்டியது.

“மூணும் நீ பெத்ததாடி?”

“இதென்ன கேள்வி? உங்க வீட்டுல பெத்தது, வளர்த்ததுன்னு பிரிச்சா பேசுவீங்க?”

“நான் பிரிக்கலடி. இந்தப் பாழாப்போன கணக்கு பிரிக்குது. பிள்ளை சுமக்காத வயித்துக்கு ஆபத்து ஜாஸ்தியாம்.”

சியெனி தலைகுனிந்தாள். “அப்போ பூஜ்யம்னு போடு.”

மூன்று பூஜ்யமானதும், நான்கு மாதக் காத்திருப்பு வரும் வியாழக்கிழமையாகச் சுருங்கியது. முப்பத்தெட்டு வயதில், பதினைந்து வருடமாக யாரிடமும் சொல்லாத ஆசை அவளைக் கேட்க வைத்தது.

“கர்ப்பப்பையை எடுத்துடுவாங்களா?”

“புத்துநோய்தானான்னே இன்னும் தெரியல. அப்படியே இருந்தாலும், ஆரம்பம்னா சில பேருக்கு எடுக்காம மருந்து கொடுத்துப் பார்ப்பாங்க. உனக்கு என்ன வேணும்னு டாக்டருக்கு எழுது.”

படிவத்தின் அடியில் சியெனி நிதானமாக எழுதினாள்: ‘எனக்கு நான்காவது பிள்ளை வேண்டும்.’