சாமியிடம் போன குஸ்தி வழக்கு

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். மலைமேல் திருப்புலி நாட்டு அர்த்தனாரி மிளகு மூட்டையோடு அடிவாரத்து முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குவதே மளிகைக்கடை அமீர் பாஷாவிடம் குஸ்தி பேசத்தான். பயில்வான்களில் தாவூதுதான் முதல் ஆள் என்பது அர்த்தனாரியின் கட்சி.

“தூக்கிப் போட்டாப் போதுமுங்களா பாய்? தாவூது மாதிரி பிடி வேணாமா?” என்பார்.

“பிடிச்சிக்கிட்டே நிக்க அவரென்ன பந்தக்காலா கவுண்டரே? எங்க மாரப்பன்தான் குஸ்திக்காரன்!” என்பார் பாஷா.

வழக்கு தீரவில்லை. கல்யாணத்துக்கும் விதைப்புக்கும் கேட்பதுபோல அர்த்தனாரி சாமியிடம் பூக்கேட்டார். ஒரு பொட்டலத்தில் தாவூதுக்கு வெள்ளைப்பூ, இன்னொன்றில் மாரப்பனுக்குச் சிவப்புப்பூ. கும்பிட்டு எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. சொல்லாமல் விட்டால் பாய்க்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் சாமி வாக்கை மறைக்க மனம் வரவில்லை. அடுத்த சந்தையன்றே இறங்கிப்போய், “சாமி உங்காளத்தானுங்க சொல்லிருச்சு” என்றார்.

பாஷா துள்ளவில்லை. தாடியைத் தடவிக்கொண்டார்.

“போன வாரம் ராசிபுரத்துல தாவூது போட்ட பிடியப் பாத்தேனுங்க. இன்னும் கண்ணுலயே நிக்குது. அவருதான் மொதல் ஆளு, கவுண்டரே.”

“அதெப்படீங்க? மாரப்பன் தூக்கற தூக்கு ஆருக்கு வருமுங்க?” என்று தலைமூட்டையை இறக்காமலே எகிறினார் அர்த்தனாரி.