கானில் இறங்காத நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் வந்தால், கொழுந்துக் கூடையோடு மழைத்தண்ணீர் ஓடும் வீதியோரக் கானில் இறங்கி நிற்க வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஹார்ன் சத்தம் கேட்டதும் கால் தானாக இறங்கிவிடும். பத்து வருடம் என் காலும் அப்படித்தான் இறங்கியது.

தொண்ணூறுகளின் கடைசியில் தேசிய வீதியோட்டப் போட்டியை ராகலை வீதியில் வைத்தார்கள். பெரிய வீரர்களுக்குப் பின்னால் விருப்பமுள்ள யாரும் ஓடலாம் என்றதால் நானும் பெயர் கொடுத்தேன். நெஞ்சில் நம்பர், காலில் தங்கச்சியின் பள்ளிக்கூடச் சப்பாத்து.

வீரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். எங்கள் தோட்டத்து ஏற்றத்தில் நான் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் அந்த ஹார்ன் கேட்டது. தோட்டத்துப் பாதையிலிருந்து ஜீப் வீதிக்கு ஏறியிருந்தது. ஓட்டிவந்தவர் எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு அண்ணன்தான். தலையை வெளியே நீட்டி, "ஒதுங்கு புள்ள, உள்ள தொர இருக்காங்க" என்றார்.

என் இடது கால் கான் பக்கம் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். காலை இழுத்து நடுவீதியில் வைத்தேன்.

"இன்னைக்கு ரோடு ஓடுறவங்களுக்குண்ணே. பின்னாலயே வாங்க" என்றேன்.

ஏற்றம் முடியும்வரை ஜீப் உறுமிக்கொண்டே என் பின்னால் வந்தது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேகத்தைக் கூட்ட எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

எத்தனையாவதாக வந்தாய் என்று இன்றும் கேட்கிறார்கள். துரைக்கு முன்னால் வந்தேன் என்பேன்.