இரண்டாவது மூட்டை

கோவில்பட்டியில் பருத்திவிதையும் பிண்ணாக்கும் விற்ற ஜமால் முகம்மதுவுக்கு, நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு குத்துவரிசைச் சண்டை பழகும் ஆசை வந்தது. தர்கா கந்தூரி ஊர்வலத்தில் அவர் வயதுக்கார மச்சினன் அபுதாஹிர் நெஞ்சுயரம் கால் வீசியதைப் பார்த்ததுதான் காரணம். மறுநாளே அதைச் சொல்லித்தரும் கொம்பையா வாத்தியாரிடம் போய் நின்றார். முதல் உதை தொடை உயரத்தைத் தாண்டவில்லை, இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

"அவசரப்பட்டா நரம்பு இழுத்துக்கிடும் அண்ணாச்சி. தினமும் குதிகாலை உசரத்துல வச்சு, மூச்சு விட்டுக்கிட்டே மெதுவாக் குனிங்க," என்றார் வாத்தியார்.

கடையில் உயரத்துக்கா பஞ்சம்? படுக்கப்போட்ட விதை மூட்டை ஒன்றில் தொடங்கினார். கால் பழகியதும் அதன்மேல் இன்னொன்றை அடுக்கினார். அன்றைக்குப் பார்த்து இடைசெவல் வெயிலுமுத்து விதை வாங்க வண்டியோடு வந்துவிட்டார். ஜமால் காலை இறக்கப் பார்த்தார்; வரவில்லை.

"இந்த மூட்டை விக்கதுக்கா, கால் வைக்கதுக்கா?" என்று கேட்டபடி வெயிலுமுத்துதான் காலைப் பிடித்து இறக்கிவிட்டார்.

உள்ளேயிருந்து மனைவி தௌலத் பேகம் குரல் கொடுத்தாள்: "அவியளையும் சேத்து வண்டில ஏத்துங்க அண்ணாச்சி!"

ஜமால் விடவில்லை. நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மழைக்காலம் முழுக்கக் குனிந்தார். தை பிறந்தபோது, வாத்தியார் நீட்டிய கம்பை அவர் உதை தொட்டது. கம்பு இருந்தது இடுப்புக்குச் சற்று மேலே.

"பரவால்ல அண்ணாச்சி. நெஞ்சுல விழணும்னா எதிராளி மட்டும் கொஞ்சம் குட்டையா இருக்கணும்."

ஜமாலுக்கு அது பாராட்டாகவே பட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், ஊரில் யார் யார் குட்டை என்று சந்தோஷமாக யோசித்துக்கொண்டே நடந்தார்.