அக்கா மனசை விடவில்லை

எங்கள் அன்பு அக்கா மறைந்து ஓராண்டாகிறது. காரியத்துக்கு வந்த உங்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பேச்சைத்தான் பேசினீர்கள். "மனச வுட்டுட்டாங்க, அதான்." அன்று தலையாட்டிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனேன். இன்று பதில் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது செங்கம் பக்கத்துக் கிராமத்தில். வாழ்க்கைப்பட்டது வேங்கிக்காலில். மாமா இளம் வயதிலேயே காலமானபோது, மகளோடு ஊருக்குத் திரும்பிவிடச் சொன்னோம். கேட்கவில்லை. கிரிவலப் பாதையில் வீடு பிடித்து, வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்களுக்குச் சமைத்துப் போட்டே மகளை நர்ஸ் படிப்பு படிக்கவைத்தார்.

பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. தலைமுடி கொட்டியது, வாயெல்லாம் புண். ஒரு தடவைகூட அவர் சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று சொன்னதில்லை. கடைசியில் டாக்டரே, இனி மருந்தால் பயனில்லை என்றார். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்க வந்தவர்களெல்லாம் "மனச வுட்டுடாத" என்றார்கள். அப்படிச் சொன்னவர் எவரானாலும் அவர் கையில் அக்கா வெங்காயத்தைக் கொடுத்து உரிக்க உட்காரவைத்துவிடுவார்.

கடைசிப் பௌர்ணமியன்றும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிரிவலம் வந்தவர்களுக்கு மோர் ஊற்றினார். சென்னையிலிருந்து வந்திருந்த எங்கள் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடி, இப்படி மனச வுட்டுட்டு வந்து உக்காந்துட்ட? வேற ஆஸ்பத்திரி பாக்கலாமில்ல?"

"மனச வுட்டவ மோர்ல உப்பு கம்மியா ஜாஸ்தியான்னு பாத்துகினு இருப்பாளா அத்தை? அந்த டம்ளரக் கழுவிக் குடுங்க."

அத்தை கழுவிக் கொடுத்தார்.

அக்கா அழவே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒரு நாள் "பயமா இருக்குதுடா" என்றார். தைரியமாக இருக்கும்படி சொல்ல வாயெடுத்தேன். "அத மட்டும் சொல்லாத. பக்கத்துல உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் அக்காவைக் கழுவித் துடைத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், சாப்பாடு கொண்டுவந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு. அவர்களில் யாரும் அக்காவுக்கு உபதேசம் செய்யவில்லை.

நோயிலிருந்து பிழைத்தவரை மனதைரியத்தால் பிழைத்தார் என்று மெச்சுங்கள், நான் தடுக்கவில்லை. அதே வாயால் இறந்தவரை மனசை விட்டவர் ஆக்காதீர்கள். எங்கள் அக்காவைக் கொண்டுபோனது புற்றுநோய். அந்தப் பழியை அவர் மனசின் மேல் போட யாருக்கும் உரிமை இல்லை.