கடைசி வீட்டு மணியம்மா

யுவனேஸ்வரியின் புத்தகம் வெளிவந்தபோது மூன்று பத்திரிகைகள் அவள் படத்தைப் போட்டன. தேயிலைத் தோட்டத்து மகள் எழுத்தாளர் ஆனாள் என்று ஊரே மெச்சியது. அவளுக்கோ சோறு இறங்கவில்லை.

படிப்பு அவளுக்குச் சும்மா வரவில்லை. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனவள், மலாய் ஆசிரியர் கேட்டதற்கெல்லாம் திருதிருவென்று முழித்தாள். பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் மலாய்த் தாளைக் கோட்டைவிட்டாள். அது போனால் சான்றிதழே கிடையாது. வீட்டில் ஏழு பேர், ஓயாத டிவி வேறு. பக்கத்து வீட்டு வேலம்மாதான் தன் மேசையைக் காலி பண்ணிக் கொடுத்தாள். புருஷனும் பிள்ளையும் இல்லாத மனுஷி.

"எங்கூட்டுக்கு வந்து படி லா. நான் என்ன, கத்தவா போறேன்?"

ஒன்பது மாதம் அங்கேதான் படித்தாள். மறுதேர்வில் தேறி, கோலாலம்பூர் போய் ஒரு தமிழ் நாளிதழில் நிருபர் ஆனாள்.

மரண அறிவித்தலும் கோயில் திருவிழாவுமாக ஆறு வருடம் ஓடியது. பிறகு பத்திரிகை ஆசிரியர் தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பெரிய கட்டுரை ஒன்று கேட்டார். யுவனேஸ்வரி நேரே வேலம்மாவிடம் போனாள். பதினெட்டு வருடம் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கு மருந்தடித்தவள். பார்வை மங்கிக்கொண்டே வந்தது. மருந்து கண்ணில் படாமலிருக்கக் கண்ணாடி கேட்டால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி "நாளைக்கு" என்பாராம். எல்லாம் சொல்லிவிட்டு, "பேரு மட்டும் போட்றாதம்மா. தொரை காதுக்குப் போச்சுன்னா வீடு போயிரும்" என்றாள். வேலை உள்ளவரைதான் தோட்டம் கொடுக்கும் லயத்து வரிசை வீடு.

யுவனேஸ்வரி பெயரை மணியம்மா என்று மாற்றினாள். அதோடு விட்டாளா? கட்டுரை அழகாக வரவேண்டுமே! மூன்றாம் லயம், கடைசி வீடு, வாசலில் மஞ்சள் ரோஜா, கண்ணில் நீர் வடியும் ஒண்டிக்கட்டை என்று எழுதித் தள்ளினாள். தோட்டத்தில் யார் ஆளைப் பெயர் சொல்லித் தேடுகிறார்கள்? லயத்தையும் வீட்டையும் சொன்னால் போதும், நேரே போய்க் கதவைத் தட்டுவார்கள். அங்கேயே பிறந்தவளுக்கு இது தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த புத்திசாலி.

கட்டுரை வந்த மாதமே வேலம்மாவுக்கு வேலை போயிற்று, வீடும் போயிற்று. கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. அதை விரித்து எழுதியதுதான் புத்தகம்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரிங்லெட் டவுனுக்குப் பஸ் ஏறினாள். ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில் வேலம்மா இருந்தாள். வேலம்மா மன்னிக்காவிட்டால் இனி ஒரு வரிகூட எழுத முடியாது என்று யுவனேஸ்வரிக்குத் தோன்றியது. திட்டித் தீர்த்தாலாவது தேவலை.

வேலம்மா திட்டவில்லை. புத்தகத்தை வாங்கித் தடவினாள்.

"எனக்குக் கண்ணு சுத்தமா தெரியலம்மா. நான் வர்ற எடத்தப் படி."

படித்தாள். பாதியிலேயே புத்தகத்தை மூடினாள். "என்னை மன்னிச்சிருங்க பெரியம்மா."

வேலம்மா கை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "மணியம்மா, மணியம்மாங்கிறியே, அது யாரு?"

"நீங்கதான் பெரியம்மா. உங்க பேரு வெளிய தெரியக்கூடாதுன்னு..."

"வீடு போனதுக்கு அப்புறந்தான பொஸ்தகம் எழுதின? அதுலயாச்சும் எம் பேரப் போட்டிருக்கலாம் லா."

புத்தகம் எழுதிய இரண்டு வருடத்தில் அது ஒருநாளும் யுவனேஸ்வரிக்குத் தோன்றவில்லை.