கனியின் வகுப்பில் பெரியவர்கள்

எங்கள் வேலையில் ஒரு வீட்டுப் படியேறினால், காபிக்கு முன்னால் சந்தேகம் வந்துவிடும். வளர்ச்சியில் பின்தங்கிய சின்னப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்துப் பழக்கும் சிறப்பு டீச்சர் நான். வீடு வீடாக ஏறி இறங்கும் உத்தியோகம் உங்களுக்கும் வாய்த்திருந்தால் நான் சொல்வது புதிதாக இருக்காது. சொந்த ஊர் முதலமடை. வேலை போட்டது தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். மாந்தோப்பு வெயிலில் வளர்ந்தவளுக்குக் குளிர்கூடப் பழகிவிட்டது. வாயைத் திறந்ததும் ‘இவ வெளியூர்க்காரி’ என்று எல்லோரும் பார்க்கும் பார்வைதான் பழகவில்லை.

டிவியில் அழுத பிள்ளை

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருப்பதாகவும், அங்கன்வாடிக்கு அனுப்புவதே இல்லை என்றும் கேள்விப்பட்டுப் போனேன். கொழுந்து பறிக்கும் செல்வி கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். “ஏனுங்க, ஊட்டுல குழந்தை இருக்குதுங்களா?” என்றேன். “இங்க பிள்ளையே கெடையாது” என்றாள். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. “டிவி” என்றாள், முகம் மாறாமல். காலையிலிருந்து எஸ்டேட் முழுக்கக் கரண்ட் இல்லை.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். செல்வி எடுக்கப் போனபோது கதவு அகன்றது. உள்ளே கனி காதைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்; திரும்பவில்லை. முன்பு யாரோ வந்து, இந்தப் பிள்ளையைத் தூரத்து ஹாஸ்டலில் விட்டுவிடு என்று சொல்லிப் போனார்களாம். செல்வி செம்பை நீட்டிக்கொண்டே கேட்டாள்: “பிள்ளையப் பாக்க வந்தீங்களா, கொண்டுபோக வந்தீங்களா? அத மொதல்ல சொல்லிட்டுத் தண்ணியக் குடிங்க.”

ரோட்டோரம் நின்ற ஜீப்

நான் அந்த வீட்டுக்குப் பலமுறை நடந்த பிறகு கனி அங்கன்வாடிக்கு வந்தாள். அன்றே எதிர்ப்பக்கம் ஒரு ஜீப்பும் வந்து நின்றது. கனியின் அப்பா பாண்டி, சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் டிரைவர். சவாரியை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி ஜன்னல் வழியாக என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கனியின் தோளைத் தொட்டால் ஜீப் கதவு திறக்கும். கையை எடுத்தால் மூடும். அவர் பார்க்கிறாரே என்று எனக்குப் பாட்டு வரிகூட மறந்துபோயிற்று.

பொறுக்க முடியாமல் ஒருநாள் ரோட்டைத் தாண்டிப் போய், “பார்க்குறதுன்னா உள்ள வந்து பாருங்க” என்றேன். விறைப்பாக வந்து சுவரோரம் சம்மணம் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் அவர் முதுகில் ஏறினான், இன்னொருத்தி மடியில் உட்கார்ந்தாள். கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கும் கனி, அந்தக் கும்பலுக்குள் தானாக நுழைந்து அப்பாவின் காதைப் பிடித்துக்கொண்டாள். பாண்டி மூச்சு வாங்கச் சொன்னார்: “ஒங்களைக் காவக்காக்க வந்தேன் டீச்சர், இவனுக என்னைய யானையாக்கிட்டானுக.”

பல் தடம்

அதே லயத்து ஜெயாவின் மகன் பிரவீன் ஒருநாள் அங்கன்வாடியிலிருந்து முன்கையில் பல் பதிந்த தடத்தோடு வீட்டுக்குப் போனான். மறுநாள் ஜெயா அம்மாக்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். “அந்தப் பிள்ள கடிக்குது. அது இருக்கணும், இல்ல எங்க பிள்ளைக இருக்கணும்.” கனியைத் தூக்கிக்கொண்டு போன செல்வி அடுத்த நாள் வரவில்லை. கடைசி வீட்டின் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. கனிக்குக் கடிக்கும் பழக்கம் இல்லை என்று நான் சொன்னதை நம்ப ஒருவரும் இல்லை.

செல்வியிடம் கெஞ்சி ஒரே ஒரு நாள் காலையில் கனியை வரச்செய்தேன். ஜெயாவையும் கூப்பிட்டேன். “வீடியோ எடுத்தே தீருவேன்” என்று போனைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். கனி கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள், கண்ணைக்கூட நிமிர்த்தவில்லை. ஊஞ்சலுக்குத் தன் முறை வரத் தாமதமானதும் பிரவீன் ஆத்திரத்தில் தன் முன்கையைத் தானே கடித்துக்கொண்டான், போனுக்கு நேராக. ஜெயாவின் முகம் சுருங்கிப்போயிற்று. அன்று சாயங்காலமே மற்ற அம்மாக்களிடம், “பாவம், அந்தப் பிள்ளையும் வரட்டும்” என்று காரணம் சொல்லாமல் பேசி முடித்தாள். என்னிடம் மட்டும் தனியாக வந்தாள்: “வீடியோவ அழிச்சிட்டேன் டீச்சர். எங்க வீட்டுக்காரரு கேட்டா, போன்ல சார்ஜ் இல்லன்னு சொல்லிருங்க.”

போதும்

எங்கள் தொழிலில் நாங்கள் நம்பாத வாக்கியம் ஒன்று உண்டு: “வீட்ல நல்லா பேசுறா டீச்சர்.” ஆசையில் எல்லா அம்மாக்களும் சொல்வது. செல்வியும் சொன்னாள், எங்களிடம் ஒரு சொல்கூடப் பேசாத கனி, சோறு வைக்கும்போது ‘போதும்’ என்கிறாளாம். போனில் பதிவு செய்துவந்து போட்டும் காட்டினாள். எனக்கு அது செல்வியின் குரல் மாதிரியே கேட்டது. சொல்லவில்லை, என் முகம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் செல்வி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அங்கன்வாடி ஹெல்பர் கனியின் தட்டில் உப்புமா வைத்தார். “போதும்” என்று மெல்லிய சத்தம். நான் கனியைப் பார்க்கவில்லை, சட்டென்று செல்வியின் வாயைப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு, ‘இன்னும் வை’ என்று ஹெல்பருக்குக் கண்ணால் சைகை காட்டினாள். இன்னொரு கரண்டி விழுந்தது. கனி தட்டைத் தள்ளிவிட்டு, கூரை அதிரக் கத்தினாள்: “போதும்!” பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி கையை எடுத்தாள். கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் குரலில் விட்டுக்கொடுக்கவில்லை: “இப்பவாவது நம்புறீங்களா, இல்ல நாளைக்கு வாய்ல பிளாஸ்திரி ஒட்டிட்டு வரணுமா?”

கனி இப்போது ஒன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளோடும் உட்கார்ந்திருக்கிறாள். என்னை நம்பி யாரும் ஒரு பிள்ளையை விட்டுப் போனதில்லை, நம்பாமல் கூடவே வந்து உட்கார்ந்தார்களே, அதில்தான் என் பிழைப்பு நடக்கிறது.